மழை வெட்டிய படம்

எந்த ஊருக்கு எந்தப் படம் ஓடும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பத்துக்குப் பத்து ரூமில் பதினெட்டு வருஷமாகப் படம் வாடகைக்கு விடுகிறேன். முதலில் சிடி, அப்புறம் டிவிடி. இப்போது ஸ்கிரீன், புரொஜெக்டர், இரண்டு சவுண்ட் பாக்ஸ், படம் ஏற்றிய பென்டிரைவ், கூடவே என் வீட்டுக்காரர் அருள்பிரகாசம், எல்லாம் சேர்த்து ஒரே வாடகை. ஆளுக்கொரு செல்போன் இருக்கும்போது ஸ்கிரீன் கட்டி யார் பார்க்கிறார்கள் என்று படித்தவர்கள் கேட்பார்கள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா, ஆயுதபூஜை, எதுவானாலும் தெருவே ஒன்றாக உட்கார்ந்து பார்க்க ஒரு படம் வேண்டும், அவ்வளவுதான். படம் எங்கிருந்து வருகிறது என்று கேட்காதவர்கள்தான் என் வாடிக்கைக்காரர்கள். நீங்களும் கேட்க வேண்டாம்.

குயிலாப்பாளையம் கெஸ்ட்ஹவுஸ்காரர்கள் கேட்பது யாரும் பேசாத படம். ஒருத்தன் ஜன்னல் வழியாகப் பார்ப்பான், பார்த்துக்கொண்டே இருப்பான், படம் முடிந்துவிடும். அப்புறம் வட்டமாக உட்கார்ந்து அதைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். கீழ்புத்துப்பட்டில் புதுப்படம் தவிர வேறு எதையும் தொடமாட்டார்கள். ஒரு மாதம் ஆன படத்தைக் கொடுத்தால் ஊசிப்போன குழம்பைக் கொடுத்த மாதிரி முகத்தைச் சுளிப்பார்கள். எங்கள் சர்ச் திருவிழாவுக்குக் கட்டிப்பிடிக்கிற பாட்டு ஆகாது, வெட்டுக்குத்து எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை. மீன்பிடிக்கிற குப்பங்களுக்கு அடிதடி வேண்டும், ஆனால் படகு கவிழக் கூடாது. எக்கியார்குப்பத்துக்கு 2023க்குப் பிறகு நான் குடிகாரன் காமெடி அனுப்புவதில்லை. அங்கே அந்த வருஷம் சாராயத்தில் செத்தவர்களின் வீட்டு வாசலில் ஸ்கிரீன் கட்டிவிட்டு, ஒருத்தன் தள்ளாடி விழுவதைப் பார்த்துச் சிரிக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மேற்கே இருக்கிற விவசாயக் கிராமங்களுக்கு மழை வேண்டும். கதாநாயகி நனைந்தாலும் சரி, கோயில் தேர் நனைந்தாலும் சரி, ஸ்கிரீனில் மழை விழுந்தால் விசில் பறக்கும். உப்பளக் காலனிக்கு மழை ஆகவே ஆகாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பத்து வருஷத்துக்கு முன்பு ஒரு மே மாதம் காலனியில் படம் ஓடும்போது மழைப் பாட்டு வந்தது. ஒரு பெரியவர் எழுந்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல், தோளில் கிடந்த துண்டை எடுத்துப் புரொஜெக்டர் மேல் போட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"படத்துல பெய்யிற மழைக்கு உங்க உப்பு கரையுமா பெரியவரே?" என்றேன்.

"உனக்கென்னாம்மா, மழ பேஞ்சாலும் உன் கடை தொறந்திருக்கும்" என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். மழை பெய்தால் பாத்தியில் விளைந்த உப்பு தண்ணீராகிவிடும். மறுபடி தண்ணீர் பாய்ச்சிக் காயவைத்து வாருகிற வரை ஒருத்தருக்கும் வேலை இல்லை. சீசன் நடக்கும்போது அந்தப் பேச்சை எடுப்பதே அங்கே ஆகாது. அதனால் கம்ப்யூட்டரில் வெட்டக் கற்றுக்கொண்டேன். பிறகு குப்பங்களுக்குப் போகிற காப்பிகளில் படகு கவிழ்வதையும் குடிகாரன் காமெடியையும் வெட்டினேன். முழுப் படத்துக்கு நீல ஸ்டிக்கர், காலனிக்குப் போகிற காப்பிக்கு மஞ்சள் ஸ்டிக்கர். மழைப் பாட்டை எடுத்துவிட்டால் அடுத்த காட்சியில் கதாநாயகி சொட்டச் சொட்ட நிற்பாள். ஏன் நனைந்தாள் என்று காலனியில் ஒருத்தரும் கேட்டதில்லை. எங்கேயோ குளித்துவிட்டு வருகிறாள் என்று விட்டுவிடுவார்கள்.

பாக்கியலட்சுமி அந்தக் காலனிக்காரி. உப்பு வாருகிற பெண்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு செட்டு, அதில் ஒருத்தி. அவள் புருஷன் சக்கரபாணி திருப்பூர் போய் எட்டு மாதமாகிறது. அவன் வீட்டை நினைப்பது அவன் மூடைப் பொறுத்தது. அவளும் மகள் நிவேதாவும் சாப்பிடுவது அவளுடைய உப்பள வேலையில்தான். சந்தைக்கு வந்தால் என் கடையில் உட்கார்ந்து ஒரு டீ குடிக்காமல் போகமாட்டாள். நான் கத்தினால் திருப்பிக் கத்துகிற ஒரே ஆள் என்பதால் எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

ஏப்ரலில் நிவேதாவுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தார்கள். சாயங்காலம் படம். காலனிக்குப் பிடித்த பழைய படம் ஒன்றையே பாக்கியலட்சுமி கேட்டிருந்தாள், ஏற்கெனவே மூன்று தடவை அங்கே ஓடியது. மஞ்சள் ஸ்டிக்கர் போட்டதை நான்தான் டப்பாவிலிருந்து எடுத்து அருள்பிரகாசத்திடம் கொடுத்தேன். கொடுத்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழரை மணிக்கு அருள்பிரகாசத்திடமிருந்து எனக்கு போன் வந்தது. ஸ்கிரீனில் மழை கொட்டுகிறதாம். பின்னணியில் பெண்கள் போடுகிற சத்தம் கேட்டது. "நிறுத்துங்களேன்" என்று கத்தினேன். "ரிமோட்டு வேல செய்யல" என்றார் என் வீட்டுக்காரர். பிளக்கைப் பிடுங்கக்கூடவா தெரியாது என்று கேட்டதும் போனை வைத்துவிட்டார். நாலரை நிமிஷப் பாட்டு முழுசாக ஓடிய பிறகுதான் படத்தை நிறுத்தினார்களாம், மிச்சத்தை யாரும் பார்க்கவில்லை.

ஊர் திட்டிவிட்டு மறந்திருக்கும். மூன்றாம் நாள் மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்து, இரண்டு மணி நேரம் விடாமல் பெய்தது. உப்பளத்தில் லாரிக்காகக் குவித்து வைத்திருந்த உப்பு அம்பாரம் பாதி கரைந்து வாய்க்காலில் போய்விட்டது. மேலே மூட வேண்டிய தார்ப்பாய் மடித்தபடி ஷெட்டிலேயே கிடந்தது. மூடச் சொல்லவேண்டியது மேஸ்திரி தட்சணாமூர்த்தி. அவர் முதலாளியிடம் என்ன சொன்னாரோ தெரியாது, காலனியில் ஒன்றுதான் சொன்னார்: சீசனில் மழைப் பாட்டுப் போட்டால் மழை வராமல் என்ன வரும்.

பன்னிரண்டு நாள் கழித்து அளத்தில் மறுபடி வேலை ஆரம்பித்தபோது எட்டுப் பேரில் ஏழு பேரைத்தான் கூப்பிட்டார். பாக்கியலட்சுமியிடம், "உன்கூட வேல செய்ய பொம்பளைங்க யாரும் ஒத்துக்கல. வேற எடம் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டாராம். அவள் வேறு இடம் பார்க்கவில்லை. நாலு நாளாகக் காலையில் போய் வரப்பில் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தாள். இதெல்லாம் எனக்கு டீக்கடையில் தெரிந்தது. என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை அவள்.

கடைக்கு ஓடிவந்து டப்பாவைத் திறந்தேன். அந்தப் படத்தின் மஞ்சள் பென்டிரைவ் அதன் இடத்திலேயே இருந்தது. நீலம் புரொஜெக்டர் பையில் கிடந்தது. பதினெட்டு வருஷத்தில் ஒரு ஊர்ப் படத்தை இன்னொரு ஊருக்கு மாற்றி அனுப்பியதில்லை என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தவள் நான்.

"நான்தான் மாத்திக் குடுத்தேன்னா நீங்களாவது ஸ்டிக்கரப் பாத்திருக்கக் கூடாதா? கண்ணு எதுக்கு இருக்குது?" என்று அருள்பிரகாசத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே துடைத்த லென்ஸ் அது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவருடைய லோடு ஆட்டோவிலேயே அளத்துக்குப் போனேன். பெண்கள் சேலைக்கு மேல் பழைய சட்டை போட்டுக்கொண்டு பாத்தியில் நின்று பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி வரப்பில் பாக்கியலட்சுமி நின்றாள். பள்ளிக்கூடத்தில் வெளியே நிற்கவைத்த பிள்ளை மாதிரி நின்றாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேஸ்திரியிடம் நேராகப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"அவ கேட்டது எப்பவும் போடுற காப்பிதாங்க. நான் பென்டிரைவ மாத்திக் குடுத்துட்டேன். தப்பு என்னுது. என்னைத் திட்டுங்க, இனிமே காலனிக்குப் படம் வேணாம்னு சொல்லுங்க. அவ வேலைய ஏன் புடுங்குறீங்க?"

"ஏம்மா, நானா புடுங்கினேன்? பொம்பளைங்க ஒத்துக்கல."

பாத்தியில் இருந்த சாமுண்டீஸ்வரி நிமிர்ந்தாள். எட்டுப் பேரில் மூத்தவள், இருபத்தைந்து வருஷமாக உப்பு வாருகிறவள்.

"நாங்க எப்போ சொன்னோம்?" என்றாள்.

"அன்னைக்கு அவ்ளோ சத்தம் போட்டீங்களே."

"சத்தம் போட்டோம். திட்டினோம். கூடப் பொறந்தவளாயிருந்தாலும் திட்டிருப்போம். வேலைக்கு வராதன்னு எவ சொன்னா, பேரச் சொல்லு."

மேஸ்திரி வாயைத் திறப்பதற்குள் பாக்கியலட்சுமி வரப்பிலிருந்து பேசினாள்.

"ஜான்சிக்கா, எனக்காக நீ பொய் சொல்ல வேணாம்."

"என்னாடி பொய்?"

"நீ மஞ்சளத்தான் குடுத்திருக்க. நான்தான் அண்ணன்கிட்ட கெஞ்சி நீலத்தக் கேட்டு வாங்கினேன். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கிக்கினேன்."

நான் திரும்பி ஆட்டோவைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் டயரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பிறகு வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

"எதுக்குடி கேட்ட? உனக்குத் தெரியாதா இங்க ஆகாதுன்னு?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நிவேதாவின் வகுப்பில், பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு டான்ஸ் ஆடப் பாட்டுத் தேடியிருக்கிறார்கள். மேற்குக் கிராமத்துப் பெண் ஒருத்தி அந்தப் படத்து மழைப் பாட்டைச் சொல்லியிருக்கிறாள். அப்படி ஒரு பாட்டே அந்தப் படத்தில் இல்லை, நான் மூன்று தடவை பார்த்திருக்கிறேன் என்று நிவேதா அடித்துப் பேசியிருக்கிறாள். காலனிப் பிள்ளைகள் நாலு பேரும் அவள் பக்கம். குப்பத்துப் பையன் ஒருத்தன் எழுந்து, அந்தப் படத்துக் கடைசியில் படகே வராது என்று அவன் பங்குக்குச் சொல்லியிருக்கிறான். பேச்சு முற்றி, அம்மா மேல் சத்தியம் பண்ணு என்று கேட்டிருக்கிறார்கள். நிவேதா பண்ணிவிட்டாள். டீச்சர் செல்போனில் பாட்டைப் போட்டுக் காட்டினாராம். வகுப்பே சிரித்திருக்கிறது.

"வீட்டுக்கு வந்து ரெண்டு நாளு சோறு திங்கல. பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன், நீ செத்துருவியாம்மான்னு கேக்குது. அது பொய் சொல்லலக்கா. அதுக்குக் காட்டின படத்துல பாட்டு இல்ல. சடங்குக்குப் பொடவ வேணுமா, போன் வேணுமான்னு கேட்டேன். நம்ம தெருவுல முழுப் படம் போடும்மா, எல்லாரும் பாக்கட்டும்னு சொல்லிச்சு. ஒரு பாட்டுதானன்னு நெனச்சிட்டேன்."

நான் வெட்டிய படத்தை நம்பி ஒரு குழந்தை தன் அம்மா மேல் சத்தியம் செய்திருக்கிறது. ஒவ்வொரு தெருவுக்கும் பிடித்த மாதிரி கொடுக்கிறேன் என்று பதினெட்டு வருஷமாக மார்தட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லாம் ஒரே வகுப்பில் போய் உட்காரும் என்று எனக்கு ஒரு நாள்கூடத் தோன்றியதில்லை. அசிங்கமாக இருந்தது.

"பாத்தீங்களா, வேணும்னேதான் போட்டிருக்குறா" என்றார் மேஸ்திரி. அவர் குரலில் ஒரு தெம்பு வந்திருந்தது. "இதுக்கு மேல நான் என்னா பண்றது? முதலாளி பதினோரு மணிக்கு லாரியோட வர்றாரு. நீங்க வேலயப் பாருங்க."

யாரும் குனியவில்லை. சாமுண்டீஸ்வரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க படத்துல வேற என்னெல்லாம் வெட்டிருக்க?" என்றாள்.

இதை நான் உங்களிடமும் இதுவரை சொல்லவில்லை. காலனிக்கு மழையை மட்டும் நான் வெட்டவில்லை. ஆயுதபூஜைக்கு வருஷா வருஷம் படம் போடுவது அளத்து முதலாளி. வருஷத்தில் வருகிற பண்டிகைகளில் எனக்குப் பெரிய புக்கிங் அதுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் தட்சணாமூர்த்தி கடைக்கு வந்து, படம் போடும்போது வேலை நிறுத்தம் மாதிரி காட்சிகள் வேண்டாமே, ஜனங்கள் சந்தோஷமாக இருக்கிற நாளில் எதற்கு என்றார். நானும் சரி என்றேன். மழையோடு மழையாக வெட்டினேன். படகு கவிழ்வதை வெட்டியபோதும், குடிகாரனை வெட்டியபோதும் பார்க்கிறவர்களுக்காக வெட்டினேன். இது ஒன்றைத்தான் பார்க்கவிடாமல் இருப்பதற்காக வெட்டினேன். அப்போதே எனக்கு அது தெரியும்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். தலையை லேசாக ஆட்டினார். வேண்டாம் என்கிறார். சொன்னால் இந்த வருஷம் ஆயுதபூஜைக்கு எனக்கு போன் வராது, அதற்கடுத்த வருஷமும் வராது. பக்கத்தில் பாக்கியலட்சுமி, தனக்கு இருந்த ஒரே தப்பிக்கும் வழியை எனக்காகத் தானே அடைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

"கூலி கேட்டு வேலைய நிறுத்துற சீனு. அந்தப் படத்துல ஒண்ணு இருக்குது. வேற மூணு படத்துலயும் எடுத்திருக்கேன்" என்றேன்.

"யாரு எடுக்கச் சொன்னது?"

"மேஸ்திரி."

"நான் சொந்தமா சொல்லலம்மா" என்றார் தட்சணாமூர்த்தி. "மேல இருந்து சொன்னாங்க."

பெண்கள் அவரைத் திட்டுவார்கள், என்னையும் சேர்த்துக் கிழிப்பார்கள் என்று நின்றேன். அவர்கள் திட்டவில்லை. சாமுண்டீஸ்வரி பலகையை ஊன்றி நின்று யோசித்தாள். அவள் கேட்டது மேஸ்திரியை இல்லை, என்னை.

"அந்தச் சீனுல, கேட்டது கெடச்சுதா அவங்களுக்கு?"

"கெடச்சுது."

"அடிதடியா?"

"இல்ல. சும்மா ஒக்காந்திருந்தாங்க. எல்லாரும்."

"எவ்ளோ நேரம்?"

"படத்துல ஏழு நிமிஷம்."

சாமுண்டீஸ்வரி பாத்தியிலிருந்து ஏறி வந்தாள். பலகையைக் கீழே கிடத்தினாள். தலையில் கூடைக்கு அணையாக வைத்திருந்த துணியை அவிழ்த்து விரித்து, வரப்பில் அதன்மேல் உட்கார்ந்தாள். "பாக்கியம், இங்க வா, வந்து குந்து" என்றாள். மற்ற ஆறு பேரும் ஒவ்வொருத்தியாகக் காலைக் கழுவிக்கொண்டு ஏறி வந்தார்கள். ஒருத்தி மட்டும் மேஸ்திரியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், பிறகு அவளும் உட்கார்ந்தாள்.

"என்னாம்மா இது, லாரி வர்ற நேரத்துல" என்றார் மேஸ்திரி.

"அவள எறக்கு. நாங்களும் எறங்குறோம்" என்றாள் சாமுண்டீஸ்வரி.

அவர் போனை எடுத்துக்கொண்டு ஷெட்டுப் பக்கம் போனார். நான் கிளம்பியிருக்கலாம், ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. பாக்கியலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்தது. "அழுவாத, மூஞ்சி நல்லா இல்ல" என்றாள் அவள். ஏழு நிமிஷம் எப்போதோ கடந்துவிட்டது. எட்டு மணி ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. வெயில் ஏறி, வெள்ளைப் பாத்திகளைப் பார்க்கக் கண் கூசியது. அருள்பிரகாசம் போய் ஒரு குடம் தண்ணீர் வாங்கிவந்து வைத்துவிட்டு, என் பக்கம் பார்க்காமலே திரும்பினார். படத்தில் இந்த இடத்தில் பாட்டு வரும், இங்கே முதுகு வலித்தது.

பதினொன்றே காலுக்கு லாரி வந்து நின்றது. முதலாளி இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி மேஸ்திரியிடம் ஏதோ கேட்டார், மேஸ்திரி குனிந்து நெடுநேரம் பேசினார். இரண்டு தடவை ஷெட்டில் கிடந்த தார்ப்பாய்ப் பக்கம் கை நீண்டது, யார் கை என்று வெயிலில் தெரியவில்லை. பிறகு தட்சணாமூர்த்தி எங்களை நோக்கி நடந்து வந்தார். கிட்டே வராமல், பத்தடி தள்ளியே நின்றார்.

"ஏம்மா பாக்கியலட்சுமி, பலகய எடு" என்றார்.

அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்ததால் பிடியை உடனே விடவில்லை.